வீர விமானி இந்திரலால் ராய்

வேலை கிடைக்க வேண்டுமானால் அனுபவம் வேண்டும். அனுபவம் கிடைக்க வேண்டுமானால் வேலை வேண்டும். இந்தச் சுழலில் அகப்பட்டுத் தத்தளிக்காத வாலிபர் எந்தத் தொழிலிலும் இல்லை. புதிதாகக் கறுப்பு அங்கி தரித்த வக்கீலிடம் கட்சிக்காரர் முதன்முதலில் விசாரிப்பது, இதுவரை எத்தனை வழக்கில் ஜெயித்திருக்கிறீர்கள் என்பதையே. அந்த விசாரணையில் விழித்து நின்றவர்களுள் நாமும் ஒருவர். காஞ்சியிலும் வாலாஜாபாத்திலும் பட்டு நெய்கிறவர்கள் இச்சிக்கலுக்கு நெடுங்காலம் முன்பே ஒரு வழி கண்டார்கள். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாவால் நெய்யப்படுவதால், பெரியவருக்குப் பக்கத்தில் இளையவன் ஒருவன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். தறியும் ஓடுகிறது, பையனுக்குத் தொழிலும் கைவருகிறது.

ஆகாய விமானத்தில் இந்த ஏற்பாடு எளிதாக அமைவதில்லை. நம் தேசத்தில் கூலிக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அத்தனை மணி நேரத்தையும் பெரும்பாலும் தகப்பனார் பணத்தைக் கொண்டோ, பாங்கிக் கடனைக் கொண்டோ வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிய பின்பும், இவ்வளவு சொற்ப அனுபவம் போதாது என்று கம்பெனிகள் கையை விரிப்பதுண்டு. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வாலாஜாபாத்துக்கு அருகேயுள்ள பரந்தூரில் அமையும் என்று 2022-ஆம் வருஷத்தில் அறிவிப்பு வந்தது முதல் இப்பகுதியில் நிலத்தைப் பற்றியே பேச்சு. ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் தங்கள் வயலையும் ஏரியையும் காக்கப் போராடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கட்சியிலுள்ள நியாயத்தை எவரும் அலட்சியம் செய்தல் தகாது. ஆயினும் அதே ஊர்களில் மாட்டுக் கொட்டிலின் நிழலில் நின்று வானத்தைப் பார்க்கிற வாலிபரும் இல்லாமலிரார். அவர்களுக்காகவே ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு சரித்திரத்தை இங்கே எடுத்துரைக்கிறோம். அச்சரித்திரத்தின் நாயகன் தம் வாழ்நாளில் மொத்தம் பறந்தது 170 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இந்திரலால் ராய் 1898-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் கிழக்கு வங்காளத்தின் பாரிஸால் ஜில்லா. தந்தை பியாரிலால் ராய் பாரிஸ்டர். கல்கத்தாவில் ஸர்க்கார் தரப்பு வழக்குகளை நடத்தும் பெரிய பதவி வகித்தவர். தாயார் லலிதா ராய் வீட்டுக்குள் அடங்கியிருந்த ஸ்திரீ அல்லர்; பெண்களுக்கு வோட்டுரிமை வேண்டுமென்று 1911-ஆம் வருஷம் லண்டன் வீதிகளில் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் இந்திய மாதர் அணியில் முன்னின்றவர். தமையன் பரேஷ்லால் பின்னாளில் நம் தேசத்தில் குத்துச்சண்டைக்கு அடிகோலியவர் என்று பெயர் பெற்றார். இந்திரலாலைக் குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். லண்டனில் ஸெயின்ட் பால்ஸ் பாடசாலையில் அவர் படித்தார். நீச்சலிலும் பந்தாட்டத்திலும் தேர்ந்தவர். யந்திரங்களில் ஓயாத ஈடுபாடு; யுத்தம் தொடங்கிய பின் பள்ளி மாணவராயிருக்கும்போதே சிறு பீரங்கி ஒன்றுக்குத் திட்டம் வரைந்து யுத்த இலாகாவுக்கு அனுப்பினாராம்.

அந்த யுத்தத்தை நம் தாத்தாமார் எம்டன் யுத்தம் என்றார்கள். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின்மேல் ஜெர்மன் கப்பல் குண்டு பொழிந்தது. ஆனால் யுத்தத்தின் புதுமை கடலிலன்று, ஆகாயத்தில் இருந்தது. ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து 11 வருஷம்கூட நிறைவடையவில்லை. அதற்குள் விமானம் ஒற்றராகி, ஒற்றரை வேட்டையாடும் வேடனுமாகிவிட்டது. 1917 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்து வானில் பிரிட்டிஷ் விமானிகள் மாண்ட வேகத்தைக் கண்டு அம்மாதத்துக்கே இரத்த ஏப்ரல் என்று பெயர் வைத்தார்கள். ஆள் இல்லை. எனினும் வந்த ஆளை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது.

பதினெட்டு வயதில் ராய் விமானப் படைக்கு விண்ணப்பம் போட்டார். கண் பார்வை போதாதென்று தள்ளிவிட்டார்கள். இத்தகைய தீர்ப்பைக் கேட்ட சாதாரண வாலிபன் வீட்டுக்குப் போயிருப்பான். அல்லது காலாட் படையில் சேர்ந்திருப்பான். ராய் அப்பீல் செய்தார் என்றே நாம் சொல்வோம். தம்மிடமிருந்த மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு லண்டனிலேயே தலைசிறந்த கண் வைத்தியரிடம் போய்ப் பரீக்ஷை செய்துகொண்டார் என்பது அவர் சரித்திரத்தில் எல்லோரும் அறிந்த பகுதி. பார்வையில் குறையில்லை என்று அவ்வைத்தியர் எழுதித் தரவே, முதல் தீர்ப்பு ரத்தாயிற்று. அதிகாரியின் காலில் விழவில்லை. யாருடைய சிபார்சையும் நாடவில்லை. ஆக்ஷேபணை எதன்மேல் சொல்லப்பட்டதோ அதன்மேலேயே மேலான சாட்சியத்தைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் தொழிலில் இதைவிடச் சிறந்த வாதம் கிடையாது. 1917 ஜூலை 5-ஆம் தேதி அவருக்கு ஸெகண்ட் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. இந்தியருக்கு மன்னரின் ராணுவ கமிஷன் தரலாம் என்று பிரிட்டிஷ் ஸர்க்கார் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதே அதற்கு அடுத்த மாதத்தில்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்நாளில் இந்தக் கதவைத் தட்டிய இந்தியர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ராவல்பிண்டியைச் சேர்ந்த ஹர்தித் ஸிங் மாலிக் ஆக்ஸ்போர்டில் படித்த ஸீக்கியர். அவரை ஆங்கிலேயப் படை ஏற்க மறுத்தது. அவர் பிரான்ஸுக்குச் சென்று செஞ்சிலுவைச் சங்கத்தாரின் வண்டியில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வேலை பார்த்தார். அங்கிருந்தே பிரெஞ்சு விமானப் படையில் சேரவும் முயன்றார். பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொள்ளத் தயாராயிருக்கிற ஆளை நாம் தள்ளுவதா என்று அவருடைய ஆசிரியர் விமானப் படையின் ஜெனரலுக்கு எழுதிய பிறகே வழி திறந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த எரல் சந்தர் ஸென், பம்பாய்க்காரரான ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் என்பவர்களும் விமானிகளானார்கள். ஸென் 1917 செப்டம்பரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். வெலிங்கர் 1918 ஜூன் மாதத்தில் உயிர் துறந்தார். நால்வர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனி ஒருவரின் அதிசயமென்று ராயின் கதையைச் சொல்வது மற்ற மூவருக்கும் அநியாயமாகும்.

பதவி கிடைத்துவிட்டது, அனுபவம் கிடைத்ததா? அந்நாளைய விமானப் பயிற்சி நம் காலத்து வாசகர்களைத் திகைக்கச் செய்யும். ஆசிரியரோடு சில மணி நேரம் பறந்தவுடன் மாணவன் தனியே அனுப்பப்படுவான். மரச்சட்டமும் துணியும் கம்பியுமான விமானம், திறந்த ஆசனம், பாரஷூட் கிடையாது. எதிரியின் குண்டுக்கு இரையானவர்களைப் போலவே பயிற்சியில் மாண்டவர்களும் பெருந்தொகை. அக்டோபர் 30-ஆம் தேதி ராய் பிரான்ஸில் போர்முனையிலிருந்த 56-வது விமானப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். பிரிட்டனில் அதைவிடக் கீர்த்தி வாய்ந்த பட்டாளம் அன்று அபூர்வம். அங்கே அவர் ஓட்ட வேண்டியது எஸ்.ஈ.5ஏ என்னும் ஒற்றை ஆசனச் சண்டை விமானம்: இருநூறு குதிரை வேக யந்திரம், முன்னால் சுழலும் விசிறியின் இடுக்கு வழியே சுடும் ஒரு துப்பாக்கி, மேல் இறக்கையின்மீது மற்றொன்று. வந்து ஒரு வாரத்திற்குள், நவம்பர் 6-ஆம் தேதி, தரையிறங்கும்போது விமானத்தை மோதிவிட்டார்.

அணித் தலைவரான காப்டன் மேபரி, குற்றம் ராயுடையதே என்று தீர்மானித்து, இன்னும் பயிற்சி பெற்று வரும்படி இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினார். மேபரியை நாம் குறை கூறவில்லை. பக்கத்தில் பறக்கிறவனின் கைத்தவறால் தன் உயிர் போகக்கூடிய இடத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. நிறத்தைப் பார்த்து அவர் அவ்வாறு செய்தார் என்று கொள்ளவும் ஆதாரமில்லை. குறைந்த அனுபவமுடையவனை மிகுந்த அபாயமுள்ள இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவன் தவறியபோது அனுபவம் போதாது என்று கண்டுபிடித்த ஏற்பாட்டின்மேல்தான் குற்றம். மேபரியும் அதே வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி போரில் மடிந்தார்.

டிசம்பர் 6-ஆம் தேதி ராயின் விமானம் மறுபடியும் விழுந்தது. இம்முறை பலத்த காயம். உயிர் போய்விட்டதென்று கருதி அவரைப் பிரேதக் கிடங்கில் கிடத்திவிட்டார்களென்றும், நினைவு தெளிந்த அவர் உள்ளிருந்து கதவைத் தட்டிய ஓசையைக் கேட்டுக் காவலாள் நடுநடுங்கிப் போனானென்றும் ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. அதை மெய்யென்று ஸ்தாபிக்க நம்மிடம் சாட்சியமில்லை. இல்லாவிட்டாலும் அவருடைய சரித்திரத்துக்குக் குறைவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதங்களில் அவர் கையிலிருந்தது பென்ஸில். விமானங்களையும் வான்போர்களையும் ஓயாமல் வரைந்து தள்ளினார். அச்சித்திரங்களில் பல அழியாமல் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. பறக்க இடமில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு அவை ஒரு விடை. உடல் தேறியபோதும் பறக்கத் தகுதியற்றவர் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சாமான் கிடங்கு பார்க்கும் உத்தியோகம்தான் கிடைத்தது. இரண்டு தடவை விமானத்தை உடைத்தவர், கண் குறையென்று ஒரு முறையும் உடல் குறையென்று ஒரு முறையும் தள்ளப்பட்டவர், சண்டையில் ஒரு வெற்றிகூடக் கணக்கில் இல்லாதவர்: இப்படிப்பட்ட மனுவை இன்றைய கம்பெனி எதுவாயினும் குப்பைக் கூடையில் போட்டிருக்கும். ராய் அதிகாரிகளை விடாமல் வற்புறுத்தினார். மறுபடியும் பறக்க அனுமதி கிடைத்தது. 1918 ஜூன் மாதம் 40-வது பட்டாளத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் கோர்வைத் தறியின் நியாயம் அவர் வாழ்க்கையில் வந்து சேர்ந்தது. 40-வது பட்டாளத்தில் அவருடைய அணித் தலைவர் ஜார்ஜ் மக்கெல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். மக்கெல்ராயும் வந்த புதிதில் சோபிக்காதவரே. அதே பட்டாளத்திலிருந்த எட்வர்ட் மன்னாக் என்பவர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்கிய பின்பே பெரிய வீரரானார். எதிரியை எந்த உயரத்திலிருந்து அணுகுவது, சூரியனை எந்தப் பக்கம் வைப்பது, எப்போது சுடாமல் திரும்பி வருவது என்பவற்றைப் புத்தகம் சொல்லித் தராது. மூத்தவரின் இறக்கைக்குப் பக்கத்தில் பறந்துதான் கற்க வேண்டும். மன்னாக்கிடம் மக்கெல்ராய் கற்றதை, மக்கெல்ராயின் அணியில் ராய் கற்றார். எட்டு மாதத்துக்கு முன் விமானத்தைப் பத்திரமாக இறக்கத் தெரியாதென்று அனுப்பப்பட்ட வாலிபர் அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள்.

ஜூலை 6-ஆம் தேதி துரோக்கூர் என்னும் ஊரின்மேல் ஹன்னோவர் ஜாதி விமானம் ஒன்றை வீழ்த்தினார். 8-ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று: இரண்டு ஹன்னோவர், ஒரு போக்கர். 13-ஆம் தேதி இரண்டு. 15-ஆம் தேதி இரண்டு. இரண்டும் போக்கர் டி-7, அதாவது ஜெர்மானியரிடமிருந்த சண்டை விமானங்களில் முதல் தரமானவை. 18-ஆம் தேதி ஒன்று. 19-ஆம் தேதி காஞ்ஞிக்கூருக்கு மேலே இன்னொரு ஹன்னோவர். இரண்டு வாரத்திற்குள் பத்து. இக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். ஐந்து அழிந்தவை, ஐந்து கட்டுக்கடங்காமல் சுழன்று கீழே போனவை. பத்தில் இரண்டு மற்ற விமானிகளோடு பங்கிட்டுக்கொண்டவை. மேகத்துக்குள் போய் மறைந்த விமானம் தரையில் மோதிற்றா, தப்பிற்றா என்று அக்காலத்தில் எல்லாச் சமயமும் நிச்சயிக்க முடியாது. எல்லாத் தேசத்தாருடைய கணக்கிலும் இந்தச் சந்தேகம் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் ராயின் செயல் சிறிதாகிவிடவில்லை. ஐந்து வெற்றி பெற்றவரையே பெருவீரர் வரிசையில் சேர்த்த காலம் அது. நம் தேசத்தாரில் அவ்வரிசையில் முதலில் இடம் பெற்றவர் ராய்.

ஜூலை 22-ஆம் தேதி கார்வின் என்னும் ஊரின்மேல் ஜெர்மானியரின் 29-வது வேட்டை அணியைச் சேர்ந்த போக்கர் விமானங்களோடு நடந்த போரில் அவருடைய விமானம் தீப்பற்றி விழுந்தது. அவருக்கு வயது 19. இருபது நிறைய நான்கு மாதத்துக்கு மேல் பாக்கியிருந்தது. எஸ்தவெல் கிராமத்து மயானத்தில் அடக்கம் செய்தார்கள். செப்டம்பரில் விமானப் படையின் சிறப்புச் சிலுவைப் பதக்கம் அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியர் எவரும் அதற்கு முன் அதைப் பெற்றதில்லை. தாயார் மகனுக்குப் பதில் பதக்கத்தை அடைந்தார். 26-ஆம் தேதி மன்னாக் மாண்டார். 31-ஆம் தேதி மக்கெல்ராய் மாண்டார். குருவும், குருவின் குருவும், சிஷ்யனும் பத்து நாளைக்குள் முடிந்தார்கள். அந்தத் தொழிலில் அனுபவம் என்பது உயிர்க் காப்பு அன்று என்பதற்கு வேறு நிரூபணம் தேவையில்லை.

அந்நிய அரசின் கொடிக்காக உயிர் விட்டவரைத் தேசபக்தர்கள் கொண்டாடலாமா என்ற கேள்வி நம்மிடையே எழுவது சகஜம். நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். 1918 ஜூலையில், ராய் வானில் போரிட்ட அதே நாட்களில், மகாத்மா காந்தி கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். ஆபத்தில் தோள் கொடுத்தால் சமமானவராக மதிப்பார்கள் என்ற நம்பிக்கை அன்று தேசம் முழுவதும் பரவியிருந்தது. அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பதிலையும் சொல்லாமல் விடலாகாது. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக். மறுநாள் பஞ்சாபில் குஜ்ரான்வாலாவின்மேலும் சுற்றிலுமிருந்த கிராமங்களின்மேலும் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். போட்டது, ராய் எந்தப் படைக்காக ஒன்பது மாதத்துக்கு முன் எரிந்து விழுந்தாரோ அதே படை. குற்றம் ராயினுடையதன்று. ஆனால் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நினைக்காதவர் அந்தக் காலத்தை அறிந்தவராகார்.

யுத்தம் முடிந்தபின் கதவு சாத்தப்பட்டது. நால்வர் செய்து காட்டியதை மறந்து, இந்தியருக்கு விமானம் ஓட்டும் ஆற்றலுண்டா என்ற பழைய சந்தேகத்தை மறுபடியும் பேசலானார்கள். ராணுவ உத்தியோகங்களில் இந்தியரைச் சேர்ப்பதுபற்றி விசாரிக்க 1925-ல் அமைந்த ஸ்கீன் கமிட்டியில் பண்டித மோதிலால் நேருவும் ஜின்னாவும் அங்கத்தினராயிருந்தார்கள். க்ரான்வெல் விமானக் கல்லூரியை இந்தியருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அக்கமிட்டி சிபார்சு செய்தது. 1930-ல் முதல் மாணவர்கள் அங்கே சென்றார்கள். 1932 அக்டோபர் 8-ஆம் தேதி இந்திய விமானப் படை சட்டபூர்வமாகத் தோன்றிற்று. ராய் இறந்து 14 வருஷம் கழிந்திருந்தது. இக்காலமெல்லாம் மணிக்கணக்கில் பறந்து அனுபவம் பெற்று, பின்வருவோரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை நமக்கு இல்லாமலே போயிற்று. உயிரோடு மீண்ட மாலிக் போன்றவரையும் அவ்வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவர் சிவில் சர்வீஸில் சேர்ந்து, சுதந்திர இந்தியாவின் ராஜதந்திரியாகக் கானடாவிலும் பிரான்ஸிலும் பணிபுரிந்து, 1985-ல் காலமானார்.

1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சியில் டிரிக் ரோடு என்னுமிடத்தில் முதல் அணி கூடியபோது இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். ஆங்கிலேயர் உபயோகித்துப் பழசானவை. இந்திய விமானிகள் ஐவர். அவர்களுள் ஒருவரான ஸுப்ரதோ முகர்ஜி 1954 ஏப்ரல் 1-ஆம் தேதி அப்படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். கல்கத்தா பவானிபூரில் ஒரு தெருவுக்கு இந்திரலால் ராயின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த நூறாவது வருஷத்தில், 1998 டிசம்பரில், தபால் இலாகாவினர் அவர் உருவத்தைத் தபால்தலையில் பொறித்து வெளியிட்டார்கள்.